அஞ்சாவது கமிஷனும் அத்தை வீட்டு ஃப்ரிட்ஜும்

அத்தை வீட்டில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ் இருந்தது. ஒற்றைக் கதவு, பச்சை நிறம். எங்கள் குடும்பத்தில் அதற்குப் பெயர் 'பாண்டியன் ஃப்ரிட்ஜ்'. கம்பெனி பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்தாவது சம்பளக் கமிஷன் அரியர்ஸ் பணத்தில் 1997 கடைசியில் மாமா வாங்கியது அது. அந்தக் கமிஷனுக்குத் தலைவர் நீதிபதி எஸ். ரத்தினவேல் பாண்டியன். திருநெல்வேலிச் சீமையில் திருப்புடைமருதூர்க்காரர். மாமாவுக்கு அம்பாசமுத்திரம். அப்புறம் கேட்கவா வேண்டும்? "நம்ம பக்கத்து ஊர்க்காரர் வாங்கிக் குடுத்ததுலா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

மாமா மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் ப்யூன். 1974ல் சேர்ந்து 2008ல் ரிட்டயர் ஆனார். ஆண்டாப் ஹில் குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகு கோவண்டியில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார். இந்தப் பக்கம் தேவ்னார், டாடா சமூக அறிவியல் கல்விக்கழகம், மரங்கள், அமைதி. தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் சிவாஜி நகர், பைங்கன்வாடி, குப்பைமேடு. நடுவில் ஹார்பர் லைன். கோவண்டி ஸ்டேஷன் பாலத்தில் ஏறி இறங்கினால் இரண்டு உலகமும் பார்த்துவிடலாம்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவைப் பார்க்கப் போயிருந்தேன். டிவியில் எட்டாவது சம்பளக் கமிஷன் பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பைங்கன்வாடியிலிருந்து ஒரு பெண் கையில் ஒரு ஃபாரத்தோடு வந்தார். சேலம் பக்கத்து ஊர். ஒரு அரசு ஆபீசில் கான்ட்ராக்டில் வேலை. (எந்த ஆபீஸ் என்பது இங்கே வேண்டாம்.) அக்கம்பக்கத்தில் யாருக்கு எந்த ஃபாரம் நிரப்ப வேண்டுமென்றாலும் மாமாவிடம்தான் வருவார்கள்.

டிவியைப் பார்த்தவர் கேட்டார்: "ஐயா, இந்த கமிஷன்ல நாங்களும் வருவமா?"

மாமா கண்ணாடியைக் கழற்றினார். "நீ பெர்மனென்ட்டாம்மா, கான்ட்ராக்டா?"

"கான்ட்ராக்டுதாங்கய்யா. ஆனா நீங்க பாத்த அதே வேலதான நான் பாக்கறேன்? பெருக்கறேன், டீ கொண்டுபோறேன், ஃபைல் தூக்கறேன்."

மாமா பதில் சொல்லவில்லை. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. இத்தனைக்கும் நான் இருபது வருஷமாகக் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டுகிறவன். அந்தக் கேள்வி என்னோடு வீடு வரைக்கும் வந்தது. அரசாங்கம் தன் ஊழியருக்கு எவ்வளவு கொடுப்பது நியாயம் என்று யார் முடிவு செய்கிறார்கள்? எதை வைத்து? படித்ததையும் மாமா சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

ஜெயில் சாப்பாட்டை விடக் குறைவு

கதை நம்ம பம்பாயிலிருந்தே தொடங்கலாம். 1921ல் பம்பாய் மாகாண அரசு தொழிலாளர் அலுவலகம் ஒன்றைத் தொடங்கியது. அதன் இயக்குநர் ஃபிண்ட்லே ஷிராஸ். பம்பாய் மில் தொழிலாளர் குடும்பங்கள் என்ன வாங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று வீடுவீடாகக் கணக்கு எடுத்தார்கள். 1923ல் அறிக்கை வந்தது.

அதில் ஒரு ஒப்பீடு. தொழிலாளி சாப்பிடுகிற தானியத்தின் அளவை இரண்டு விஷயங்களோடு வைத்துப் பார்த்தார்கள். ஒன்று, பஞ்ச காலத்தில் நிவாரணத்துக்கென்று அரசு வகுத்திருந்த அளவு. இன்னொன்று, பம்பாய் ஜெயில் விதிகளில் கைதிக்குச் சொல்லியிருந்த அளவு. பம்பாயின் மில் தொழிலாளி பஞ்ச நிவாரண அளவின் உச்சத்தைத் தொடுகிறான், ஆனால் ஜெயில் கைதிக்குக் கொடுப்பதை விடக் குறைவாகச் சாப்பிடுகிறான் என்று அரசு அறிக்கையே எழுதியது.

ஒரு வார்த்தையையும் இங்கே கவனிக்க வேண்டும். இன்று நாம் அகவிலைப்படி என்கிறோம். நம்ம ஊர் மில் தொழிலாளிகள் சொல்வது பஞ்சப்படி. என் தாத்தாவும் அப்படித்தான் சொல்வார். முதல் உலகப்போர் காலத்தில் விலைவாசி ஏறியபோது பம்பாய் மில்களில் கூலியோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய படி அது. பஞ்சம் போய்விட்டது. படி மட்டும் மாறாமல் சம்பளச் சீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

அரசு ஊழியர் கதை வேறு. அவர்களுக்கு எவ்வளவு என்பதற்கு வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு விதி இருந்தது. 1912ல் அமைத்த இஸ்லிங்டன் கமிஷன் வகுத்தது. தகுதியான ஆட்கள் வேலைக்கு வருவதற்கும், வந்தவர்கள் கை நீட்டாமல் கௌரவமாக, திறமையாக வேலை செய்வதற்கும் எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் கொடு, அதற்கு மேல் வேண்டாம். இதுதான் அதன் சாரம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ப்யூன் வேலைக்கு ஆள் கிடைக்காமல் போகுமா? பசித்தவன் எத்தனை ரூபாய்க்கும் வருவானே! அந்த விதிப்படி அவனுக்கு எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலும் நியாயம் என்றாகிவிடும்.

ஒரு மதராஸ் நீதிபதி

1946. போர் முடிந்துவிட்டது, விலைவாசி இறங்கவில்லை. பிப்ரவரியில் பம்பாயில் கடற்படை மாலுமிகள் கிளர்ந்தெழுந்தார்கள். நல்ல சாப்பாடும் வெள்ளைக்கார மாலுமிகளுக்குச் சமமான சம்பளமும் அவர்கள் கோரிக்கைகளில் உண்டு. ஜூலை 11 அன்று தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதற்கு ஆதரவாக அதே மாதம் பம்பாயே கடையடைத்தது.

இரண்டுக்கும் நடுவில், 1946 மே மாதம், முதல் மத்திய சம்பளக் கமிஷன் அமைந்தது. தலைவர் ஸ்ரீனிவாச வரதாச்சாரியார். மதராஸ் உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து, பிறகு டெல்லியில் ஃபெடரல் கோர்ட் நீதிபதியானவர். ஆக, முதல் கமிஷனுக்கும் தலைவர் தமிழர், ஐந்தாவது கமிஷனுக்கும் தலைவர் தமிழர். (மாமாவிடம் சொன்னபோது அவருக்கு முதல் தமிழரைப் பற்றி அவ்வளவு அக்கறை இல்லை. அவர் ஃப்ரிட்ஜ் வாங்கித் தரவில்லையே!)

வரதாச்சாரியார் கமிஷன் ஒரு வருஷத்தில், 1947 மே மாதம், அறிக்கை கொடுத்தது. இஸ்லிங்டன் விதியை அது அப்படியே ஏற்கவில்லை. காலத்துக்கு ஏற்பத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும், யாருடைய சம்பளமும் வாழ்க்கைக்குத் தேவையான கூலியை விடக் குறையக்கூடாது என்றது. கடைநிலை ஊழியருக்கு அடிப்படைச் சம்பளம் 30 ரூபாய், பஞ்சப்படி 25 ரூபாய், ஆக 55 ரூபாய். உச்சச் சம்பளம் 2,000 ரூபாய். மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் போல 36 மடங்கு வாங்கினார்.

கொள்கை நன்றாக வந்துவிட்டது. 'வாழ்க்கைக்குத் தேவையான கூலி' என்றால் எத்தனை ரூபாய் என்பதுதான் பாக்கி.

குன்னூரிலிருந்து ஒரு சாப்பாட்டுத் தட்டு

அதற்குப் பதில் சொன்ன கணக்கு பாதி நம்ம நீலகிரியில் பிறந்தது. ஆச்சரியமாக இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

1918ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஒரே ஒரு அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் பெரிபெரி நோயைப் பற்றி ஆராய்ச்சி தொடங்கினார். தீட்டிய அரிசியையே நம்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு வருகிற நோய் அது. அந்த ஒற்றை அறை வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாயிற்று. பிற்பாடு ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. 1935 முதல் 1945 வரை குன்னூரில் அதன் இயக்குநராக இருந்தவர் வாலஸ் அய்க்ராய்ட். இந்தியர்கள் சாப்பிடும் பொருள்களில் என்னென்ன சத்து எவ்வளவு இருக்கிறது என்று பட்டியல் போட்டு, நிறைவான சாப்பாடு என்றால் என்ன என்று வகுத்தவர். 1943 வங்கப் பஞ்சத்தை விசாரித்த கமிஷனிலும் உறுப்பினர். பசி என்றால் என்னவென்று எண்ணிக்கையில் மட்டும் தெரிந்துகொண்டவர் அல்ல.

1957 ஜூலையில் டெல்லியில் 15வது இந்தியத் தொழிலாளர் மாநாடு நடந்தது. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் உட்கார்ந்து குறைந்தபட்சக் கூலிக்கு ஒரு சூத்திரம் ஒப்புக்கொண்டார்கள். சுருக்கமாகச் சொன்னால் இதுதான்:

- ஒரு சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறவர்கள் மூன்று 'அலகு'. புருஷன் 1, மனைவி 0.8, இரண்டு பிள்ளைகள் ஆளுக்கு 0.6.
- ஒரு அலகுக்கு நாளொன்றுக்கு அய்க்ராய்ட் சொன்னபடி 2,700 கலோரிச் சாப்பாடு.
- ஆளுக்கு வருஷத்துக்கு 18 கஜம் துணி. நாலு பேருக்கு 72 கஜம்.
- அரசு தொழிலாளர் குடியிருப்புத் திட்டத்தில் உள்ள குறைந்தபட்ச வாடகை.
- விறகு, விளக்கு, இதரச் செலவுக்கு மொத்தக் கூலியில் 20 சதவீதம்.

1991ல் உச்ச நீதிமன்றம் இதில் இன்னொரு வரி சேர்த்தது. ரெப்டகோஸ் பிரெட் கம்பெனியின் சென்னைத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் வழக்கு அது. பிள்ளைகள் படிப்பு, வைத்தியம், பண்டிகை, கல்யாணம், முதுமை ஆகியவற்றுக்காக இன்னும் 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்றது தீர்ப்பு. ஆக, பொங்கலும் தீபாவளியும் கணக்குக்குள் வருவதற்கு 34 வருஷமாயிற்று.

அத்தையிடம் "உன்னை 0.8 என்று போட்டிருக்கிறார்கள்" என்றேன். "ஆக்கிப் போடுறவ கடைசில சாப்பிடுவா. அதுவே சாஸ்திதான்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

எனக்கு உறுத்தியது வேறு ஒன்று. அந்த மூன்று அலகில் அப்பா இல்லை, அம்மா இல்லை. மாமா 1974 முதல் மாசாமாசம் அம்பாசமுத்திரத்துக்கு மணியார்டர் அனுப்பினார். ஊரில் ஆச்சிக்கு மருந்து, சித்திக்குக் கல்யாணம், இடிந்த சுவர். இதைப் படிக்கிற உங்களில் மணியார்டரோ, டிராஃப்ட்டோ, செல்போனிலோ ஊருக்குப் பணம் அனுப்பாதவர்கள் யார்? பிழைக்க வந்தவன் குடும்பம் இரண்டு ஊரில் சாப்பிடும். சூத்திரம் ஒரு ஊரில் மட்டும் இலை போட்டது.

மூன்று வேலைநிறுத்தம்

சூத்திரம் கைக்கு வந்துவிட்டதே, அதன்படி கொடுத்தார்களா? இல்லை.

நீதிபதி ஜகந்நாத தாஸ் தலைமையில் இரண்டாவது கமிஷன் 1957 ஆகஸ்டில் அமைந்து 1959 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. மாநாடு ஒப்புக்கொண்ட கணக்குப்படி கொடுக்க நாட்டுக்குச் சக்தி இல்லை என்றது. குறைந்தபட்சம் 80 ரூபாய் என்று நிறுத்தியது. மாநாட்டில் கையை உயர்த்திய அதே அரசு, தன் ஊழியருக்கு என்று வரும்போது கையை மடக்கிக்கொண்டது.

1960 ஜூலை 11 நள்ளிரவு மத்திய அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அரசு அவசரச் சட்டம் போட்டது. கைது, சஸ்பென்ஷன். ஐந்து நாளில் முடிந்துபோயிற்று. 1968 செப்டம்பர் 19 அன்று தேவைக்கேற்ற குறைந்தபட்சக் கூலி கேட்டு ஒருநாள் வேலைநிறுத்தம். அதற்கும் அவசரச் சட்டம், அதற்கும் கைது.

ஆனால் ஒன்றும் மிஞ்சவில்லை என்று சொல்ல முடியாது. 1966ல் கூட்டு ஆலோசனைக் குழு என்ற ஏற்பாடு வந்தது. அரசுத் தரப்பும் ஊழியர் தரப்பும் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு இடம். ரகுபர் தயாள் தலைமையில் மூன்றாவது கமிஷன் 1973ல் 185 ரூபாய் என்று சொன்னபோது, பேசிப் பேசி அது 196 ஆனது. பதினோரு ரூபாய் வித்தியாசம். இன்று ஒரு கட்டிங் சாய்க்கே பத்து ரூபாய் ஆகிற ஊரில் இருந்துகொண்டு பதினோரு ரூபாயா என்று தோன்றும். மாமாவிடம் கேட்டேன். "மருமவனே, அப்ப அது எனக்கு ஊருக்கு அனுப்புற காசுல பாதி" என்றார்.

அந்தக் கமிஷனின் மேல் இருந்த கோபமும் சேர்ந்துதான் 1974 மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தமாக வெடித்தது. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமை. சுமார் 17 லட்சம் தொழிலாளர்கள். மே 8 முதல் 27 வரை இருபது நாள். கடுமையாக அடக்கினார்கள். மாமா வேலைக்குச் சேர்ந்த வருஷம் அது. தாதரில் ரயில் இல்லாமல் நடந்தே ஆபீஸ் போனதை இப்போதும் சொல்வார்.

மாமாவின் நான்கு எண்கள்

மாமா வாழ்க்கையை நான்கு எண்களில் எழுதிவிடலாம். புதிதாகச் சேரும் ப்யூனின் அடிப்படைச் சம்பளம் 1973ல் 196. சிங்கால் தலைமையிலான நான்காவது கமிஷனுக்குப் பின் 1986ல் 750. ரத்தினவேல் பாண்டியன் கமிஷனுக்குப் பின் 1996ல் 2,550. ஸ்ரீகிருஷ்ணா கமிஷனுக்குப் பின் 2006ல் 7,000. கடைசி இரண்டிலும் கமிஷன் சொன்னது முறையே 2,440, 6,660. அரசு கொஞ்சம் கூட்டிக் கொடுத்தது.

மேலுக்கும் கீழுக்கும் இருந்த தூரமும் குறைந்தது. 1947ல் 36 மடங்கு. 1986ல் கேபினட் செயலாளருக்கு 9,000, ப்யூனுக்கு 750. பன்னிரண்டு மடங்கு. அதற்குப் பிறகும் ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. தனியார் கம்பெனிகளின் மேல் சம்பளத்தையும் கீழ்ச் சம்பளத்தையும் பார்த்துப் பழகிய என் மாதிரி ஆளுக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

ஆறாவது கமிஷன் தலைவர் பி.என். ஸ்ரீகிருஷ்ணாவை மும்பைவாசிகளுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1992-93 கலவரங்களை விசாரித்தவர். நம்ம தேவ்னாரும் அந்த அறிக்கையில் உண்டு. அதற்கு முன் தொழிலாளர் சட்டத்தில் பேர்பெற்ற வக்கீல். 2008 மார்ச்சில் கொடுத்த சம்பள அறிக்கையில், கடைநிலைப் பிரிவே இனி வேண்டாம் என்றார். இருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்து மேல் பிரிவில் சேர்த்துவிடு, புதிதாக அந்தப் பிரிவில் ஆள் எடுக்காதே என்றார். மாமா மாதிரி ஆட்களுக்கு அது மரியாதை. 'கிளாஸ் ஃபோர்' என்ற சொல் போயிற்று.

இங்கேதான் அந்தச் சேலத்துப் பெண்ணின் கேள்வி வருகிறது.

பிரிவு போயிற்று. பெருக்கும் வேலை போகுமா? டீ கொண்டுபோகிற வேலை போகுமா? ஐந்தாவது கமிஷனே பத்து வருஷத்தில் ஆட்களை 30 சதவீதம் குறைக்கச் சொல்லியிருந்தது. சம்பள உயர்வை எடுத்துக்கொண்டு ஆள் குறைப்பை விட்டுவிட்டார்கள் என்று அப்போது பத்திரிகைகள் திட்டின. ஆனால் 2001ல் புதிதாக ஆள் எடுப்பதைச் சுருக்க உத்தரவு வந்தது. ரிட்டயர் ஆனவர் நாற்காலி அப்படியே காலியாக நின்றது. துடைப்பம் மட்டும் கான்ட்ராக்டர் கைக்குப் போயிற்று.

அறுபது வருஷம் போராடி ஏணியின் கீழ்ப்படியை உயர்த்தினார்கள். உயர்ந்தது உண்மை. ஆனால் அந்தப் படியில் நிற்க வேண்டியவர்களில் பலர் இன்று ஏணிக்கு வெளியே தரையில் நிற்கிறார்கள். எந்தக் கமிஷனுடைய கூட்டல் கழித்தலிலும் அவர்கள் சாப்பாட்டுத் தட்டு இல்லை.

குப்பை லாரியும் உச்ச நீதிமன்றமும்

இதற்கு மும்பையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. தேவ்னார் குப்பைமேடு 1927 முதல் இருக்கிறது. மும்பையின் குப்பையை வாரி லாரியில் ஏற்றியவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் மாநகராட்சியின் நேரடி ஊழியர்கள் இல்லை. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள். சில திட்டங்களில் 'தொண்டர்கள்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். சம்பளம் என்று சொல்லாமல் மதிப்பூதியம். பெயர் என்னவோ மரியாதையாகத்தான் இருக்கிறது!

கச்ரா வாஹதுக் ஷ்ரமிக் சங்கம் என்ற தொழிற்சங்கம் 2007ல் சுமார் 2,700 பேருக்காக வழக்குப் போட்டது. இவர்கள் செய்வது நிரந்தர வேலை, ஒப்பந்தம் என்பது வெறும் முகமூடி என்பது வாதம். 2014ல் தொழில் தீர்ப்பாயம் ஒப்புக்கொண்டது. மாநகராட்சி மேல்முறையீடு செய்தது. 2017 ஏப்ரல் 7 அன்று உச்ச நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பத்து வருஷம்!

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. பட்டியலில் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி என்று பலருக்கு அதன் பிறகும் அலைச்சல். ஒரு எழுத்து மாறினால் ஆளே மாறிவிட்டார். சம்பள நியாயம் பேசும்போது கலோரி, கஜம், சதவீதம் எல்லாம் பேசுகிறோம். அதற்கெல்லாம் முன்னால் பெயர் சரியாக எழுதப்பட வேண்டியிருக்கிறது.

இப்போது

ஏ.கே. மாத்தூர் தலைமையில் ஏழாவது கமிஷன் 2015 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. குறைந்தபட்சம் 18,000 ரூபாய், 2016 ஜனவரி முதல். அதே 1957 சூத்திரத்தை வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். மூன்று அலகுக்கு மாசம் 42.75 கிலோ அரிசி அல்லது கோதுமை, 18 லிட்டர் பால், 5.5 மீட்டர் துணி என்று போகிறது பட்டியல். குன்னூர்த் தட்டு இன்னும் உடையவில்லை.

அப்போது எல்லாரும் '2.57 மடங்கு' என்றார்கள். கணக்குப் பிள்ளையாக ஒரு விளக்கம். பழைய 7,000க்கு 125 சதவீத அகவிலைப்படி சேர்த்தால் ஏற்கெனவே 15,750 வந்துவிட்டது. அதிலிருந்து 18,000. உண்மையான உயர்வு 14 சதவீதம் சொச்சம். ஊழியர் தரப்பு 26,000 கேட்டது. 2016 ஜூலை 11 முதல் வேலைநிறுத்தம் என்று அறிவித்து, மந்திரிகள் பேசியபின் தள்ளிவைத்தார்கள். தேதியைப் பார்த்தீர்களா? 1946, 1960 இரண்டிலும் அதே ஜூலை 11. ஆனால் 18,000 அப்படியே நின்றுவிட்டது.

எட்டாவது கமிஷனை அமைக்கப் போவதாக 2025 ஜனவரி 16 அன்று மத்திய அரசு அறிவித்தது. அக்டோபர் 28 அன்று அதன் பணி வரம்புகளுக்கு ஒப்புதல் கொடுத்து, அறிக்கைக்குப் பதினெட்டு மாதம் தந்தார்கள். தலைவர் நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து உச்ச நீதிமன்றம் போனவர். மத்திய சம்பளக் கமிஷனுக்குத் தலைவரான முதல் பெண். மனைவி 0.8 என்ற கணக்கை அவர் எப்படிப் பார்ப்பார் என்று அத்தைக்கு ஒரு ஆர்வம் வந்திருக்கிறது.

என் ஆர்வம் வேறு. ஒரு கமிஷனின் வேலை அரசுக்கு ஆலோசனை சொல்வது. அரசு கேட்டதற்குத்தான் அது பதில் சொல்லும். சம்பளப் பட்டியலில் இருப்பவருக்கு எவ்வளவு என்று கேட்டால் அதற்குப் பதில் வரும். பட்டியலில் யார் இருக்க வேண்டும் என்று கேட்டால்தான் அந்தச் சேலத்துப் பெண் வருவார். முதல் கமிஷனில் வரதாச்சாரியார் சொன்ன கொள்கை அவருக்கும் பொருந்தும் என்றுதான் எனக்குப் படுகிறது. அரசு வேலையைச் செய்கிற யாருக்கும் வாழ்வதற்குத் தேவையானதை விடக் குறைவாகக் கொடுக்கக் கூடாது. நடுவில் கான்ட்ராக்டர் நின்றால் பசி குறைந்துவிடுமா என்ன?

மாமா பென்ஷனர். எட்டாவது கமிஷனால் அவருக்கும் நாலு காசு கூடும். அவருக்கு அது வேண்டும், கிடைக்கவும் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முப்பத்துநாலு வருஷம் உழைத்தவர்.

அன்றைக்கு அவர் அந்தப் பெண்ணுக்குச் சொன்ன பதிலை எழுதி முடிக்கிறேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இந்தக் கமிஷன்ல நீ வரமாட்டம்மா. பொய் சொல்லப்படாது" என்றார். அந்தப் பெண் "அது தெரிஞ்சதுதாங்கய்யா" என்று சிரித்தார். பிறகு மாமா குப்பை லாரித் தொழிலாளர் வழக்கைப் பற்றி, எனக்கே தெரியாத அளவுக்கு விவரமாகச் சொன்னார். சம்பளம் வந்ததற்கான சீட்டு, வருகைப் பதிவு, கேட் பாஸ், எதையும் தூரப் போடாதே, 240 நாள் வேலை பார்த்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்றார்.

அப்புறம்தான் ஃபாரத்தைக் கையில் வாங்கினார். பி.எஃப். கணக்கில் பெயர்த் திருத்தம் செய்கிற ஃபாரம். யாரோ ஒரு எழுத்தை விட்டுவிட்டிருக்கிறார்கள்.

"ஆதார எடும்மா. அதுல இருக்கிறத அப்படியே எழுதணும்" என்று சொல்லி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கட்டத்துக்கு ஒரு எழுத்தாக, அழுத்தி, மெதுவாக எழுத ஆரம்பித்தார்.